கல்லும் கால்நடையும் செய்த டார்ட்மூர்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் தென்பகுதியில் விரிந்து கிடக்கிறது டார்ட்மூர் மேட்டுநிலம். 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 954 சதுர கிலோமீட்டர். அதன் உச்சியான ஹை வில்ஹேஸ் 621 மீட்டர்தான். இந்த உயரத்துக்கும் இந்த மழைக்கும் ஓக் மரம் நன்றாகவே வளரும். ஒரு காலத்தில் வளர்ந்தும் இருந்தது. ஆனால் மேட்டின் நடுப்பகுதியில் இன்று இருப்பதெல்லாம் புல், ஹெதர் புதர், கறுத்த பீட் சதுப்பு. குன்றுகளின் தலையில் மட்டும் கிரானைட் பாறைக் குவியல்கள் நிற்கின்றன. ஷெர்லாக் ஹோம்ஸ் வேட்டைநாயைத் தேடி அலைந்த இடம் இதுதான். கோனன் டாயிலின் அந்த நாவலைப் படித்தவர்களுக்கு டார்ட்மூர் என்றால் மனிதக் கை படாத, பனிமூட்டம் கவிந்த வனாந்தரம்.

அது வனாந்தரம் அல்ல என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இந்த நிலத்தைச் செய்ததில் கல்லுக்கு எவ்வளவு பங்கு, மழைக்கு எவ்வளவு, மாடு ஓட்டியவர்களுக்கு எவ்வளவு என்பதில்தான் பல தலைமுறைகளாக வாதம் நடக்கிறது. புவியியலாளர்கள், மகரந்த ஆய்வாளர்கள், தொல்லியலாளர்கள், வேளாண் வரலாற்றாளர்கள் என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: கல் வரம்பு போட்டது. அந்த வரம்புக்குள் குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியும் என்ற கணக்கு மேட்டின் முகத்தைத் தீர்மானித்தது. அந்தக் கணக்கு அறுந்துபோனதன் விளைவைத்தான் டார்ட்மூர் இப்போது அனுபவிக்கிறது.

கல் போட்ட வரம்பு

சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி எழுந்த ஒரு மலைத்தொடரின் அடியில் பாறைக்குழம்பு மேலேறி, தரையை எட்டாமலேயே பல கிலோமீட்டர் ஆழத்தில் ஆறி இறுகியது. டார்ட்மூரில் தொடங்கி, கார்ன்வாலைக் கடந்து, சில்லி தீவுகள் வரை நிலத்தடியில் தொடரும் ஒரே கிரானைட் உடல் அது. மேலிருந்த பாறைகள் அரித்துப்போன இடங்களில் மட்டும் வெளியே தலைகாட்டுகிறது. அவற்றுள் மிகப் பெரியது டார்ட்மூர். சுமார் 625 சதுர கிலோமீட்டர். மேல்பாரம் குறையக் குறையப் பாறை தளர்ந்து, தரைக்கு இணையாக விரிசல் விட்டது. செங்குத்தாகவும் விரிசல்கள் இருந்தன. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டியதால்தான் ஹேடோர், கிரேட் ஸ்டேப்பிள் டோர் போன்ற குவியல்கள் யாரோ கல்லை எடுத்து அடுக்கியதுபோல் தெரிகின்றன.

இவற்றை அங்கே டோர் என்கிறார்கள். 160-க்கும் மேல் இருக்கின்றன. சில டோர்களின் உச்சியில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள் உண்டு. துருயித் பூசாரிகள் பலிக்காகச் செதுக்கியவை என்று 18ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர்கள் நம்பினார்கள். தேங்கிய மழைநீரும் உறைபனியும் குடைந்தவை அவை. டோர் எப்படி உருவாகிறது என்பதற்கு 1955-இல் டேவிட் லின்டன் ஒரு விளக்கம் சொன்னார். பனியுகத்துக்கு முந்தைய வெப்பமான காலத்தில் நிலத்தடி நீர் விரிசல்கள் வழியே இறங்கி, கிரானைட்டை உள்ளேயே மட்க வைத்தது. விரிசல் நெருக்கமான இடம் மட்கியது. அகன்ற இடம் தப்பியது. பின்னால் மட்கியதெல்லாம் வழிந்துபோக, தப்பியது டோராக நின்றது. 1962-இல் பாமரும் நீல்சனும் இதை மறுத்தார்கள். பனியுகத்தின் உறைபனி ஒன்றே டோர்களைச் செதுக்கப் போதும். மட்கிய கிரானைட்டாகத் தெரிவது பெரும்பாலும் பாறை ஆறிய காலத்தில் கீழிருந்து எழுந்த சூடான ஆவிகள் சிதைத்தது என்றார்கள். டார்ட்மூரில் பனிப்பாறை படியவே இல்லை என்பதுதான் நெடுங்காலம் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டிருந்த செய்தி. 2012-இல் டேவிட் எவன்ஸ் குழுவினர் அதையும் அசைத்தார்கள்: வடக்கு மேட்டின் மீது ஒரு சிறு பனிக்கவிகை இருந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். இன்று பெரும்பாலோர் மட்கல், உறைபனி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறார்கள்.

நம் கேள்விக்கு யார் வென்றார் என்பது முக்கியமில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் மிச்சம்தான் முக்கியம். ஒன்று, க்ரோவன் எனப்படும் சிதைந்த கிரானைட் சரளை. மண்வெட்டி இறங்கும், தண்ணீர் வடியும். இன்னொன்று, க்ளிட்டர்: சரிவெங்கும் சிதறிய பாறாங்கற்கள். அங்கே ஏர் நுழையாது, மாடு கால் வைக்காது. க்ரோவன் தடித்துக் கிடக்கும் கிழக்குப் பள்ளத்தாக்குகளில், வைடிகோம் பக்கத்தில், பண்ணைகள் நெருங்கி இருக்கின்றன. மேற்கிலும் வடக்கிலும் உயர்ந்த பீடபூமியில் பண்ணைகள் மிக அரிது.

கிரானைட்டில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதன் மேல் உண்டாகும் மண் புளித்த மண். மேட்டின் நடுவிலுள்ள பிரின்ஸ்டவுனில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. அந்த மழை மேல்மண்ணின் இரும்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய் ஒரு மெல்லிய கெட்டித் தகடாகப் படிய வைக்கிறது. தகடு இறுகியபின் தண்ணீர் இறங்க வழியில்லை. தேங்கிய நீரில் ஸ்பாக்னம் பாசி வளரும், செத்த பாசி மட்காது, பீட் ஏறும். டார்ட், டீன், டேவி, ப்ளிம், டா என்று ஆறுகள் நான்கு பக்கமும் கிளம்புவது இந்த ஊறிய மேட்டிலிருந்துதான். கிரானைட்டின் சூட்டில் வெந்து மாறிய களிப்பாறைகளின் வளையம் ஒன்று மேட்டைச் சுற்றி இருக்கிறது. அந்த வளையத்தின் மண் இதைவிட வளமானது. பழைய கிராமங்கள் அதிலும் கிரானைட்டின் ஓரத்திலும்தான் அமைந்தன. அதாவது பண்ணை ஓரத்தில், மேய்ச்சல் நடுவில். இந்த ஏற்பாட்டைச் செய்தது எந்த அரசனும் அல்ல.

தீயா, மழையா?

இதுவரை சொன்னதைக் கேட்டால், கல்லும் மழையும் சேர்ந்தே மரத்தை விரட்டிவிட்டன என்று முடிவு கட்டலாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பலர் அப்படித்தான் நினைத்தார்கள். 1960-களில் இயன் சிம்மன்ஸ் டார்ட்மூர் பீட்டில் புதைந்திருந்த மகரந்தத்தை அடுக்கடுக்காகப் படித்துப் பார்த்தார். உயர்ந்த பகுதிகளிலும் ஒரு காலத்தில் மரங்கள், குறிப்பாக ஹேசலும் ஓக்கும், பரவியிருந்தன. அவை மறைந்த அடுக்குகளில் கரித்துகள் கிடைத்தது. 1993-இல் கேசல்டைனும் ஹாட்டனும் வடக்கு மேட்டில் செய்த ஆய்வு இதை இன்னும் துல்லியமாக்கியது. வேளாண்மைக்கு முன்பே, வேட்டையாடி வாழ்ந்தவர்கள் காட்டின் மேல் எல்லையைத் திரும்பத் திரும்ப எரித்திருக்கிறார்கள். இளம்புல் துளிர்த்தால் மான் வரும் என்பதுதான் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். மரம் போனபின் அது உறிஞ்சிய நீர் மண்ணிலேயே தங்கியது. பீட் அதன் மேல் ஏறியது.

கல் மரத்தைத் தடுக்கவில்லை. மரம் ஒருமுறை போனால் எளிதில் திரும்பி வராதபடி செய்தது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் காட்டை எரித்தால் பீட் அவ்வளவு எளிதில் உருவாகாது.

இந்த இடத்தில் நீலகிரியை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கும் புல்வெளி, அங்கும் பீட், அங்கும் இதே கேள்வி. சோலைக் காட்டை வெட்டி எரித்ததால் உண்டான புல்வெளி அது என்று ஒரு சாரார் சொல்லிவந்தார்கள். 1993-இல் ராமன் சுகுமார் உள்ளிட்டோர் நீலகிரி பீட்டிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை அளந்தார்கள். புல்வெளி கடந்த 20,000 ஆண்டுகளில் தட்பவெப்பத்தோடு சேர்ந்து விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கிறது என்று தெரிந்தது. தொதவர் எருமையை அதற்குக் குற்றவாளியாக்க முடியவில்லை. ஒரே ஆண்டில், இரண்டு மேட்டுநிலங்களின் பீட்டிலிருந்து இரண்டு விடைகள். எல்லா மேட்டுப் புல்வெளியும் மனிதன் செய்தது என்பதும், எல்லாம் இயற்கை என்பதும் ஒரே அளவு சோம்பேறித்தனமான முடிவுகள்.

டார்ட்மூரில் ஒரு நல்ல சாட்சி மிஞ்சியிருக்கிறது. மேற்கு டார்ட் ஆற்றின் பள்ளத்தாக்கில், சுமார் 400 மீட்டர் உயரத்தில், விஸ்ட்மன்ஸ் வுட் என்ற சின்னஞ்சிறு ஓக் காடு. முறுக்கிய குட்டை மரங்கள், கிளையெல்லாம் பாசியும் பெரணியும். பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் காடு நிற்பது சரியாக க்ளிட்டரின் மேல். பாறாங்கல் இடுக்கில் விழுந்த ஓக் விதையை ஆடு எட்டவில்லை, முளைத்தது. கல் இல்லாத பக்கத்துச் சரிவில் விழுந்த விதை ஆட்டின் வாய்க்குப் போனது. பிளாக்-எ-டோர் காப்ஸ், பைல்ஸ் காப்ஸ் என்ற மற்ற இரண்டு மேட்டுக் காடுகளிலும் இதே கதைதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விஸ்ட்மன்ஸ் வுட் பரவியும் உயர்ந்தும் இருக்கிறது. மேய்ச்சல் தளர்ந்த இடத்தில் மரம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

3,500 ஆண்டு வேலிகள்

டார்ட்மூரின் சரிவுகளில் தாழ்ந்த கல்மேடுகள் கோடுகோடாக ஓடுகின்றன. ரீவ் என்பது அவற்றின் உள்ளூர்ப் பெயர். பழைய பாதை, ரோமானியர் காலச் சாலை என்று ஏதேதோ சொல்லிவந்தார்கள். 1970-களில் ஆண்ட்ரூ ஃப்ளெமிங் அவற்றைக் கால்நடையாகவே தொடர்ந்து அளந்தார். கி.மு. 1500 வாக்கில், வெண்கலக் காலத்தில், திட்டமிட்டுப் போட்ட வயல் எல்லைகள் என்று 1988-இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். ஒரு எல்லை ரீவ் குறுக்கே போகும். அதிலிருந்து இணையாகக் கல்வேலிகள் கிலோமீட்டர் கணக்கில் கிளம்பும். டார்ட்மீட் பகுதியில் இந்த இணைகோடுகள் ஆற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவைக் கூடப் பொருட்படுத்தாமல், ஒரு கரையில் நின்று மறு கரையில் அதே திசையில் தொடர்கின்றன.

இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். கல் வரம்பு போட்டது என்று சொன்னேன். இவர்களோ கல்லையும் பள்ளத்தையும் மதிக்காமல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். நிலத்தைப் பங்கிடுவதில் ஒரு சமூக ஒழுங்கு அவர்களுக்கு இயற்கை அமைப்பைவிட முக்கியமாக இருந்திருக்கிறது. ஆனால் கோட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்த்தால் கல் திரும்பவும் வருகிறது. மகரந்தத்தில் புல்வெளிதான் மிகுதி, தானியம் அரிது. ஷா மூரில் 1970-களின் பிற்பகுதியில் நடந்த அகழாய்வில் ஒரு ரீவின் ஓரத்துப் பள்ளத்தில் மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றின் குளம்படிகள் அப்படியே பதிந்திருந்தன. கிரிம்ஸ்பவுண்டில் கல்மதிலுக்குள் 24 வட்ட வீடுகள் இருக்கின்றன. டார்ட்மூர் முழுவதும் இப்படிப்பட்ட வட்ட வீடுகளின் அடித்தடங்கள் ஆயிரக்கணக்கில். உழவைவிடக் கால்நடையை நம்பிய ஊர்கள் இவை.

கி.மு. 1000-ஐ ஒட்டி மேட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். குளிரும் மழையும் கூடியதே காரணம் என்பது பழைய விடை. மண் களைத்துப் புளித்தது என்பது இன்னொன்று. சமூக ஒழுங்கு குலைந்தது என்பாரும் உண்டு. மூன்றும் ஒன்றையொன்று விலக்குவதில்லை.

குளிர்காலக் கணக்கு

கி.பி. 1000-க்குப் பின் மனிதர்கள் மீண்டும் மேலேறினார்கள். இந்த முறை கோடு போடவில்லை. கல் எங்கே இடம் விட்டதோ அங்கே பண்ணை வைத்தார்கள். டார்ட்மூர் நீள்வீட்டைப் பார்த்தால் இது புரியும். சரிவின் குறுக்கே அல்லாமல் சரிவோடு நீளும் ஒரே கட்டடம். மேல்பக்கம் மனிதர், கீழ்ப்பக்கம் ஷிப்பன் எனப்படும் மாட்டுத்தொழுவம், நடுவே பொது வழி. சாணமும் மூத்திரமும் நடுவிலுள்ள கால்வாய் வழியே தாமாகக் கீழே ஓடிவிடும். ஹையர் அப்பகாட்டில் அப்படி ஒரு வீடு தொழுவம் மாறாமல் இன்னும் நிற்கிறது. மாட்டைக் குளிர்காலம் முழுவதும் கூரைக்குக் கீழ் வைத்துத் தீனி போடுவதற்காகவே எழுந்த கட்டடக்கலை இது.

வயல்கள் சின்னவை. உழ வேண்டுமென்றால் முதலில் பாறாங்கற்களைப் பொறுக்கி ஓரத்தில் போட வேண்டும். அதனால்தான் சில சுவர்கள் வேலிக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு தடித்திருக்கின்றன. அவை வேலி மட்டுமல்ல, கல்லைக் கொட்டும் இடமும்கூட. புல்தரையைச் சீவி எடுத்து, காயவைத்து எரித்து, சாம்பலை உழுதார்கள். கடற்கரையிலிருந்து சிப்பி கலந்த மணலைக் கொண்டுவந்து புளிப்பைக் குறைத்தார்கள். சில ஆண்டுகள் ஓட்ஸ், ரை. பிறகு நெடுங்காலம் புல்லுக்கு விட்டார்கள். ஹவுண்ட் டோர் அடிவாரத்தில் கைவிடப்பட்ட சிற்றூரில் தானியம் உலர்த்தும் சூளைகளோடு களஞ்சியங்கள் கிடைத்தன. விளைந்ததையும் வெயிலில் காயவைக்க முடியாத ஊர் அது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே ஆள் இல்லாமல் போனது.

மேட்டின் நடுப்பகுதி அரசனின் வேட்டை நிலம். 1239-இல் மூன்றாம் ஹென்றி அதைத் தம் தம்பி ரிச்சர்டுக்குக் கொடுத்தார். 1337 முதல் கார்ன்வால் கோமகச் சொத்து, இன்றும் அப்படியே. அந்த எல்லையை ஒட்டிய பண்ணைகளின் வேலி ஒரு சட்ட நுணுக்கத்தையே கல்லில் காட்டுகிறது. மேட்டைப் பார்த்த பக்கம் செங்குத்தான கல்முகமும் பள்ளமும். வயலைப் பார்த்த பக்கம் சாய்வான மண். அரசனின் மான் உள்ளே தாவ முடியாது. எப்படியோ புகுந்துவிட்டால் வெளியேற வழி இருக்கும்.

மேய்ச்சல் உரிமை அடுக்கடுக்காக இருந்தது. மேட்டை ஒட்டிய ஊர்களுக்குச் சிறு கட்டணத்தில் உரிமை. பார்ன்ஸ்டபிள், டோட்னஸ் என்ற இரண்டு ஊர்கள் நீங்கலாக டெவன் மாவட்டத்தார் அனைவருக்கும் அங்கே மாடு விட உரிமை உண்டு என்பது பழைய வழக்கு. ஹெரால்டு ஃபாக்ஸ் இடைக்காலக் கணக்கேடுகளைத் துருவி, தொலைவிலுள்ள சமவெளிப் பண்ணைகளிலிருந்து கோடைதோறும் மாடுகள் மேட்டுக்கு ஏறியதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் 2012-இல் வெளிவந்த அந்த நூல், டார்ட்மூர் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது. டார்ட்மூரைத் தனித்த மேடாக அல்லாமல் மாவட்டம் முழுவதன் கோடைத் தொழுவமாக அவர் காட்டுகிறார்.

பண்ணைக்காரரின் பொதுநில உரிமைக்கு ஓர் அளவு இருந்தது. குளிர்காலத்தில் தன் சொந்த நிலத்தின் விளைச்சலைக் கொண்டு எத்தனை கால்நடையைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் மேட்டில் விடலாம். ஆங்கிலப் பொதுநிலச் சட்டத்தின் பழைய விதி இது. இதன் அழகை மேலோட்டமாகப் படிப்பவர்கள் தவறவிடுவார்கள். மேட்டில் எத்தனை வாய் மேயலாம் என்பதைத் தீர்மானித்தது மேட்டின் புல் அல்ல. கீழே கல்லுக்கு நடுவே சீர்செய்த வைக்கோல் வயலின் அளவு. வயலின் அளவைத் தீர்மானித்தது க்ரோவனும் க்ளிட்டரும். கிரானைட்டின் விரிசல் நெருக்கம் வரை போய்முடிகிறது அந்தச் சங்கிலி. யாரும் நாள்தோறும் தலை எண்ண வேண்டியதில்லை. ஏமாற்றினால் மேட்டைச் சுற்றி வளைத்து ஓட்டி வந்து எண்ணும் வழக்கம் பிடித்துவிடும். குட்டைக் குதிரைகளுக்கான அந்த ஓட்டம் இன்றும் நடக்கிறது.

இதோடு வேறு இரண்டு வழக்கங்கள் இருந்தன. மேட்டில் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் இடத்தை விட்டு நகராது. தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை அங்கே லியர் என்பார்கள். இன்னொன்று, வசந்தத்துக்கு முன் முதிர்ந்த கோர்ஸ், ஹெதர் புதர்களை எரிப்பது. கோடைப் பசு, குளிர்காலத் தொழுவம், எரிப்பு, லியர் நான்கும் சேர்ந்து செய்த நிலம்தான் பார்வையாளர்கள் இயற்கை என்று எண்ணிய டார்ட்மூர்.

வெள்ளீயம் தேடியவர்களுக்கும் பங்கு உண்டு. 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஆற்றுப்படுகைகளைக் கிளறி வெள்ளீயம் அலசியதில் பள்ளத்தாக்குகளின் அடி மேடும் குழியுமாகப் போயிற்று. வண்டல் ப்ளிம் முகத்துவாரத்தைத் தூர்த்தது. ஆனால் அது ஆற்றோரக் கதை. மேட்டின் முகத்தை அது மாற்றவில்லை.

சீர்திருத்தக்காரர்கள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கனவான்களுக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. தரிசு என்று நினைத்தார்கள். தாமஸ் டிர்விட் 1785-இல் டோர் ராயலில் பண்ணை தொடங்கி, தானியமும் ஆளிச் செடியும் பயிரிட்டுப் பார்த்தார். புளித்த மண்ணும் மழையும் விடவில்லை. கடைசியில் அவரால் பிரின்ஸ்டவுனில் நிலைநாட்ட முடிந்தது, நெப்போலியப் போர்க் கைதிகளுக்கான சிறைச்சாலை ஒன்றைத்தான். பழைய குத்தகைதாரர் தலைமுறைக்குச் சில ஏக்கர் வளைத்துக்கொண்ட இடத்தில் இவர்கள் நூற்றுக்கணக்கான ஏக்கரைச் சாந்தில்லாத கல்சுவரால் வளைத்தார்கள். பெல்ஸ்டன் அருகே அப்படி ஒரு சுவரைப் பொதுநில உரிமைக்காரர்கள் கூடித் தள்ளிவிட்டார்கள் என்று ஊர்க்கதை உண்டு. சுவர் இடிந்தே கிடக்கிறது.

கல்லையே விற்றவர்கள் கொஞ்சம் பிழைத்தார்கள். 1820-இல் ஜார்ஜ் டெம்ப்ளர் ஹேடோரிலிருந்து கிரானைட்டாலேயே தண்டவாளம் போட்டுக் கல் இறக்கினார். 1831-இல் திறந்த லண்டன் பாலத்துக்கு அந்தக் கல் போனது. அடுத்த நூற்றாண்டில் ஃபெர்ன்வொர்தி, பெல்லெவர், சௌசன்ஸ் ஆகிய இடங்களில் ஊசியிலை மரங்களை வரிசைவரிசையாக நட்டார்கள். புல்வெளியை வெற்றிடமாகக் கண்ட இதே கண்தான் நீலகிரியில் சீகையையும் தைல மரத்தையும் நட்டது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான மாற்றத்தைச் செய்தவை ஸ்காட்லாந்திலிருந்து வந்த கருமுக ஆடுகள். 19ஆம் நூற்றாண்டில் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவை குளிர்காலம் முழுவதும் மேட்டிலேயே தாக்குப்பிடித்தன. வைக்கோல் வயல் தேவையில்லை. பழைய விதியின் முதல் கண்ணி அங்கே கழன்றது. இரண்டாவது கண்ணியை அறுத்தது விலைக்கு வாங்கிய தீனி. மூன்றாவது, தலைக்கு இவ்வளவு என்று தந்த மானியம். 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபின் மேட்டுநிலப் பண்ணைகளுக்கு ஆட்டின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் வந்தது. எண்ணிக்கை ஏறியது. 1985-இல் நாடாளுமன்றம் டார்ட்மூர் பொதுநிலச் சட்டத்தை இயற்றி, உரிமைக்காரர் மன்றம் ஒன்றை அமைத்தது. மக்களுக்கு நடந்தும் குதிரையிலும் செல்லும் உரிமையும் கிடைத்தது. எண்ணிக்கைப் பிரச்சினையை அது தீர்க்கவில்லை.

மொலினியாவின் காலம்

1994-இல் திசை திரும்பியது. கால்நடையைக் குறைத்தால், குறிப்பாகக் குளிர்காலத்தில் கீழே இறக்கினால், பணம் என்ற சுற்றுச்சூழல் திட்டம் டார்ட்மூருக்கு வந்தது. 2001-இல் கோமாரி வந்து டெவனின் மந்தைகள் பலவற்றை அழித்தது. லியர் அறிந்த மந்தை போனால் அந்த இடத்துக்கு வேறு மந்தையை வாங்கி விட்டுவிட முடியாது; அது போய் அடுத்தவர் இடத்தில் மேயும்.

கால்நடை குறைந்தது, ஹெதர் திரும்பி வரவில்லை. வந்தது மொலினியா என்ற ஊதாப்புல். கோடையில் பச்சை, குளிர்காலத்தில் காய்ந்த சருகு. ஆண்டுக்காண்டு சருகு படிந்து கால் இடறும் திட்டுகளாக உயர்கிறது. அடியில் வேறு செடி முளைக்க வெளிச்சமில்லை. வறண்ட வசந்தத்தில் தீப்பற்றினால் பீட்டையும் சேர்த்து எரிக்கும். வடிகால் வெட்டியதாலும் பீட் தோண்டியதாலும் உலர்ந்த சதுப்பு இதற்கு ஏற்ற இடம். காற்றில் வந்து படியும் நைட்ரஜனும் உதவுகிறது. இதற்கெல்லாம் பண்ணைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ஆனால் ஒரு பகுதி விடை மேய்ச்சலின் காலத்தில் இருக்கிறது. மே முதல் ஜூலை வரை மொலினியா இளசாக இருக்கும். அப்போது மாடும் குதிரையும் விரும்பித் தின்னும். ஆடு அதை அவ்வளவாகத் தொடாது. குளிர்காலத்தில் மேட்டில் பச்சையாக மிஞ்சுவது ஹெதர்தான். மேட்டிலேயே நிற்கும் ஆடு அதைத்தான் கடிக்கும். கோடையில் மாடும் குளிர்காலத்தில் யாருமில்லாமலும் இருந்த மேடு ஹெதரைக் காத்தது. எல்லாக் காலமும் ஆடு நின்ற மேடு அதை இழந்தது. இரண்டு மேடுகளிலும் தலைக்கணக்கு ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

2023-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து, திட்டப் பணம் தொடர வேண்டுமென்றால் கால்நடையை மேலும் குறைக்க வேண்டும் என்று பொதுநில உரிமைக்காரர்களுக்கு எழுதியது. ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் விவாதம். டேவிட் ஃபர்ஸ்டன் தலைமையில் அரசு ஒரு சுயேச்சைக் குழுவை அமைத்தது; டிசம்பரில் அறிக்கை வந்தது. பாதுகாக்கப்பட்ட தலங்களின் நிலை மோசம் என்பதை அது ஒப்புக்கொண்டது. குளிர்கால ஆட்டு மேய்ச்சலைக் குறைக்கவும், மொலினியா மண்டிய இடங்களில் கோடையில் மாடு, குதிரை மேய்ச்சலை ஊக்குவிக்கவும் சொன்னது. இரு தரப்புச் செய்தித் தாள்களும் இதை ‘கூடுதலா குறைவா’ என்ற கேள்வியாகவே சுருக்கிவிட்டன. எனக்கு அந்த அறிக்கையின் நடைமுறைப் பரிந்துரை, பழைய குளிர்கால விதியைத் தற்கால மொழியில் எழுதியதுபோல் படுகிறது.

நடைமுறைதான் கடினம். கோடையில் மாட்டை மேட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் குளிர்காலத்தில் வைத்துக் காக்க வேண்டும். பழைய ஷிப்பன்கள் பல இப்போது வீடுகளாகவும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. மாட்டுக் காசநோய்ப் பரிசோதனைக்காக வேலியில்லாத மேட்டிலிருந்து மந்தையைத் திரட்டுவது பெரும்பாடு. குட்டைக் குதிரைக்குச் சந்தையில் விலையில்லை. மொலினியா திட்டுகளுக்குள் மாட்டைப் பழக்கி நிறுத்த, அதாவது புதிதாக ஒரு லியரை உண்டாக்க, ஒருவர் நாள்தோறும் கூடவே நின்று திருப்பி ஓட்ட வேண்டும். அது சில மாதங்களில் முடிகிற வேலையல்ல. இன்னொரு புறம் கார்ன்வால் கோமக நிர்வாகம் 2040-க்குள் விஸ்ட்மன்ஸ் வுட்டை இரட்டிப்பாக்குவதாக அறிவித்திருக்கிறது. அந்தப் புதிய கன்றுகள் முளைக்க வேண்டிய சரிவில் பெரும்பாலும் க்ளிட்டர் கிடையாது. வேலி போடுவதா, அந்தப் பகுதி மந்தைக்காரருடன் பேசிச் சில ஆண்டுகள் மேய்ச்சலை நிறுத்துவதா என்பதை ஒவ்வொரு மந்தையாக, ஒவ்வொரு சரிவாகத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.